ஒரே குருட்டுப் பாம்புக்கு ஏன் இத்தனை அறிவியல் பெயர்கள்?

ஈர மண்ணில் மண்புழு போலக் கிடக்கும் கரிய, சின்ன குருட்டுப் பாம்புக்கு ஒரு பழைய புத்தகம் டைஃப்லாப்ஸ் பிராமினஸ் என்கிறது, அடுத்தது ராம்ஃபோடைஃப்லாப்ஸ் பிராமினஸ் என்கிறது, இணையத்தில் தேடினால் இண்டோடைஃப்லாப்ஸ் பிராமினஸ் என்று வருகிறது, இவற்றில் எதை என் பதிவேட்டில் எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, “பெயரையே முடிவு செய்ய முடியாதவர்கள் இது புழு இல்லை, பாம்புதான் என்று மட்டும் எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?” என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உங்களை உண்மையில் உறுத்துவது அந்த இரண்டாவது வரிதான் என்று தோன்றுகிறது. பெயர் மாறுவதை அறிவு தடுமாறுவதாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: மூன்றும் ஒரே பாம்பு, இண்டோடைஃப்லாப்ஸ் பிராமினஸ் என்று எழுதுங்கள். இரண்டாவதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு இதில் என்ன அனுபவம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாராயத்தில் பதப்படுத்திய ஊர்வன மாதிரிகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்துச் செதில் எண்ணி, எந்த இனம் என்று தீர்மானிப்பது என் தொழில். மரபணு வரிசைகளிலிருந்து பரிணாம மரம் கட்டுவது என் தொழில் அல்ல. அந்த ஆய்வுகளைப் படித்துப் பயன்படுத்துகிறேன், அவ்வளவுதான். ஆகவே உடலமைப்பைப் பற்றி நான் சொல்வது நேரில் பார்த்தது, மரபணு பற்றிச் சொல்வது படித்தது.

ஓர் அறிவியல் பெயரின் இரண்டு சொற்களும் ஒரே வகை வேலையைச் செய்வதில்லை. பெரும்பாலான குழப்பம் இது தெரியாததால் வருவது. நம்மிடையே ஒருவருடைய முன்னெழுத்து மாறினாலும் பெயர் மாறாது அல்லவா, ஏறக்குறைய அப்படித்தான் இதுவும். ‘பிராமினஸ்’ என்ற இரண்டாவது சொல் அந்த விலங்குக்கு வைத்த பெயர். முதலில் முறைப்படி வெளியிட்டவர் யார், எந்த ஆண்டில் என்பதைப் பொறுத்து அது நிலைத்துவிடுகிறது. முதல் சொல்லான பேரினப் பெயர், இந்த விலங்குக்கு நெருங்கிய உறவு எவை என்பதைப் பற்றிய ஒரு கருத்து. உறவைப் பற்றிய அறிவு கூடும்போது முதல் சொல் மாறத்தான் செய்யும். மாறாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், யாரும் அந்தக் கூட்டத்தை மறுபடி திறந்து பார்க்கவில்லை என்று பொருள்.

இதற்கான விதிகளைப் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் ஆணையம் வைத்திருக்கிறது. லின்னேயஸின் ‘சிஸ்டமா நேச்சுரே’ பத்தாம் பதிப்பு வெளிவந்த 1758தான் விலங்குப் பெயர்களுக்குத் தொடக்க ஆண்டு. அதற்குப் பிறகு ஒரு விலங்குக்கு வைக்கப்பட்ட பெயர்களில் மிகப் பழையதே செல்லும். இரண்டாவது சொல்லான சிற்றினப் பெயர் பெயரடையாக இருந்தால் பேரினத்தின் இலக்கணப் பாலுக்கு ஏற்ப அதன் ஈறு மாறும். அதனால்தான் சில பழைய கட்டுரைகளில் ‘டைஃப்லைனா பிராமினா’ என்று பார்ப்பீர்கள், அதுவும் இதே பாம்புதான். பெயரை வைத்தவரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால், அவர் முதலில் வைத்த பேரினம் வேறு, பின்னால் இடம் மாற்றப்பட்டது என்று அர்த்தம். அடைப்புக்குறி இல்லையென்றால் இன்றைய பேரினம் அவர் முதலில் வைத்ததேதான். ‘இண்டோடைஃப்லாப்ஸ் பிராமினஸ் (டோடன், 1803)’ என்பதில் உள்ள அந்த இரண்டு வளைவுகளில் இருநூறு ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. பலர் அதை அலங்காரம் என்று நினைத்து நீக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து நீக்காதீர்கள்.

அந்த வரலாறு விசாகப்பட்டினத்தில் தொடங்குகிறது. பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராகச் சோழமண்டலக் கரையில் இருந்தபோது சேகரித்த பாம்புகளைப் பற்றி 1796இல் ஒரு பெரிய படத் தொகுப்பு வெளியிட்டார். அதில் இந்தச் சிறு பாம்பும் இருக்கிறது. ரஸ்ஸல் இலத்தீன் பெயர் எதுவும் வைக்கவில்லை. அங்கே மக்கள் தெலுங்கில் எப்படி அழைத்தார்களோ, அந்த ‘இரண்டு தலைப் பாம்பு’ என்ற பெயரையே எழுதிவைத்தார். தலையும் வாலும் ஒரே மாதிரி மழுங்கி இருப்பதைப் பார்த்தால் அந்தப் பெயரில் தவறு சொல்ல முடியாது. 1803இல் பாரிஸில் ஃபிரான்சுவா மரி டோடன் அந்த விவரிப்பை அடிப்படையாக வைத்து ‘எரிக்ஸ் பிராமினஸ்’ என்று பெயரிட்டார். எரிக்ஸ் என்பது இன்று மண்ணுளிப் பாம்புகளின் பேரினம். இன்றைய கண்ணுக்கு அபத்தமாகத் தெரியும், ஏனென்றால் இரண்டுக்கும் இடையிலான உறவு மிகத் தொலைவானது. ஆனால் குட்டை வால், மழுங்கிய முனை, மண்ணுக்குள் வாழ்க்கை என்று பார்த்தால் அந்தக் காலத்தில் வேறு எங்கே வைத்திருக்க முடியும்?

மண்ணுளிக் கூட்டத்திலிருந்து எடுத்து ‘டைஃப்லாப்ஸ்’ என்ற பேரினத்தில் வைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில். அந்தப் பேரினத்தை 1811இல் ஒப்பெல் உருவாக்கியிருந்தார். அதற்கு அடிப்படையான இனம், லின்னேயஸ் 1758இலேயே ‘ஆங்குயிஸ் லம்பிரிகாலிஸ்’ என்று பெயரிட்ட கரீபியத் தீவுப் பாம்பு. ஆங்குயிஸ் என்ற அதே பேரினத்தில்தான் லின்னேயஸ் ஐரோப்பாவின் காலில்லாப் பல்லியையும் வைத்திருந்தார் என்பது இங்கே கவனிக்க வேண்டியது. வழவழப்பான, காலில்லாத, சின்னக் கண்ணுள்ள எல்லாம் ஒரே கூடையில் கிடந்த காலம் அது. கரீபியப் பாம்பு டைஃப்லாப்ஸின் அடிப்படை இனம் என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு டைஃப்லாப்ஸ் ஒரு குவியலாக வளர்ந்தது. ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று எங்கே இத்தகைய பாம்பு கிடைத்தாலும் அதற்குள் போனது. இதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமில்லை. மற்றப் பாம்புகளை வகைப்படுத்தக் கைகொடுக்கும் அடையாளங்கள் இவற்றில் இல்லை. சாதாரணப் பாம்புக்கு வயிற்றுப் பக்கம் அகலமான பட்டைச் செதில்கள் உண்டு, அவற்றை எண்ணியே பாதி இனங்களைப் பிரித்துவிடலாம். குருட்டுப் பாம்பில் உடலைச் சுற்றி முழுக்க ஒரே அளவுச் செதில். கண் ஒரு செதிலின் அடியில் கரும்புள்ளியாகத் தெரியும், சிலவற்றில் அதுகூடத் தெரியாது. நிறத்தை நம்ப முடியாது, தோல் உரிக்கும் முன் கரிய பாம்பு நீலச் சாம்பலாக மாறிவிடும், சாராயத்தில் பல ஆண்டுகள் இருந்தால் எல்லாமே பழுப்பு. ஆக மிஞ்சுவது இவைதான்: உடலைச் சுற்றி எத்தனை செதில் வரிசை, மூக்கிலிருந்து வால் நுனிவரை முதுகின் நடுவில் எத்தனை செதில், மூக்குச் செதிலில் உள்ள பிளவு எங்கே போய் முடிகிறது, மேலுதட்டுச் செதில்களில் எது எதன் மேல் படிந்திருக்கிறது, வால் நுனி முள் எப்படி. பாதி தலைமுடி தடிமனுள்ள அந்தப் பிளவை, பதினைந்து சென்டிமீட்டர்ப் பாம்பின் மூக்கில் தேட வேண்டும். இந்தக் கூட்டத்தில் வேலை செய்ய ஏன் ஆள் குறைவு என்று சிலர் கேட்பார்கள். ஒருநாள் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்தால் புரிந்துவிடும்.

குவியலிலிருந்து முதலில் தெளிவாகப் பிரிந்து நின்றவை நூல்போல் மெல்லிய பாம்புகள், இன்றைய லெப்டோடைஃப்லாபிடே குடும்பம். இந்தப் பிரிவில் ஐயமே இல்லை, காரணம் பல். டைஃப்லாபிடே குடும்பத்துப் பாம்புகளுக்கு மேல்தாடையில் மட்டும்தான் பல், லெப்டோடைஃப்லாபிடே பாம்புகளுக்குக் கீழ்த்தாடையில் மட்டும்தான். முதல் வகை மேல்தாடை எலும்பை முன்னும் பின்னும் வேகமாக அசைத்து எறும்பின் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டாம் வகை அதே வேலையைக் கீழ்த்தாடையால் செய்கிறது, 1999இல்தான் இது படம்பிடித்து விளக்கப்பட்டது. ஒரே உணவு, ஒரே இருட்டு, ஒரே உடல் வடிவம், ஆனால் வாய்க்குள் நேரெதிர் இயந்திரம். வாயைத் திறக்காமலே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. டைஃப்லாபிடேயில் கண்மேல் உள்ள செதிலுக்கும் உதட்டுக்கும் நடுவே உதட்டுச் செதில்கள் இருக்கும். லெப்டோடைஃப்லாபிடேயில் கண்செதில் பொதுவாக உதட்டு விளிம்பு வரை இறங்கிவிடும். உடலைச் சுற்றிய செதில் வரிசையும் பெரும்பாலும் 14தான், உங்கள் பிராமினஸுக்கு 20.

இப்போது உங்கள் ‘புழு இல்லையா’ கேள்வி. மண்புழு என்ற பேச்சுக்கே இடமில்லை, இதற்கு முதுகெலும்பு, செதில், பிளவுபட்ட நாக்கு எல்லாம் உண்டு. ஆனால் பாம்பா பல்லியா என்பது ஒரு காலத்தில் உண்மையாகவே கேட்கப்பட்ட கேள்வி. 1954இல் மெக்டவல், போகர்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், டைஃப்லாபிடேயைப் பாம்புகளிலிருந்து வெளியே எடுத்துப் பல்லிகளோடு வைக்க வேண்டும் என்று எழுதினார்கள். மண்டையோட்டின் விந்தையான அமைப்புத்தான் அவர்களுடைய வாதத்துக்குக் காரணம். எலும்புகளை ஒப்பிட்டு 1960களில் வந்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை, பின்னர் வந்த மரபணு ஆய்வுகள் ஒன்றுகூட அந்தப் பக்கம் சாயவில்லை. எனவே இன்று இவை பாம்புகள் என்பதில் இரண்டாவது கருத்து கிடையாது. பெயர் மாறிக்கொண்டே இருந்தாலும் இந்த அடித்தளம் அசையவில்லை என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

ராம்ஃபோடைஃப்லாப்ஸ் என்ற பெயர் எப்படி வந்தது என்பது இந்தக் கதையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. 1960களில் ஆஸ்திரேலியா, பசிபிக் பக்கத்துக் குருட்டுப் பாம்புகளை ஆராய்ந்தபோது, ஆண்களின் இனப்பெருக்க உறுப்பு வேறு மாதிரி இருப்பது தெரிந்தது. பாம்புகளுக்கு வழக்கமான, உள்ளிருந்து புரண்டு வெளியே வரும் உறுப்புக்குப் பதிலாக, திண்மையான, நீட்டக்கூடிய ஓர் உறுப்பு. உறுதியான வேறுபாடு என்பதால் அந்தக் கூட்டத்தை டைஃப்லாப்ஸிலிருந்து பிரித்தார்கள். முதலில் ‘டைஃப்லைனா’ என்ற பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்தார்கள். அது குழப்பத்தை உண்டாக்கவே, விண்ணப்பத்தின் பேரில் ஆணையம் தலையிட்டு, ஃபிட்சிங்கர் 1843இல் வைத்த ராம்ஃபோடைஃப்லாப்ஸைக் காப்பாற்றி 1982இல் முடிவு சொன்னது. பழைய பெயரே செல்லும் என்ற விதிக்கு இப்படிச் சில விலக்குகள் உண்டு, ஆனால் ஆணையம் சொன்னால் மட்டும்தான்.

சரி, ஆண் உறுப்பை வைத்து வரையறுத்த பேரினத்துக்குள் பிராமினஸ் எப்படிப் போனது? இதில்தான் வேடிக்கை. பிராமினஸில் ஆணே கிடையாது. 1974இல் நியூகினிப் பாம்புகளைத் தொகுத்த மெக்டவல், முன்பு பல்லி என்று வாதிட்ட அதே மெக்டவல்தான், கிடைக்கும் மாதிரிகள் எல்லாம் பெண்ணாகவே இருப்பதைக் கவனித்து, இது ஆணின்றிப் பெருகும் இனமாக இருக்கலாம் என்றார். 1980இல் நஸ்பாம் செஷல்ஸ் தீவுகளின் மாதிரிகளைக் கொண்டு அதற்கு வலுச் சேர்த்தார். 1987இல் வெளியான குரோமோசோம் ஆய்வு, இதன் உயிரணுக்களில் வழக்கமான இரண்டு தொகுதிகளுக்குப் பதில் மூன்று தொகுதிகள் இருப்பதைக் காட்டியது. கன்னி இனப்பெருக்கம் மட்டுமே வாழ்முறையாகக் கொண்ட பாம்பினம் என்று இதுவரை அறியப்பட்டது இது ஒன்றுதான். மலைப்பாம்பு போன்ற வேறு சில பாம்புகளில் எப்போதாவது ஆணின்றிக் குட்டி பிறப்பது உண்டு, அது விலக்கு. இங்கே அதுவே விதி. ஆக, ஆண் உறுப்பால் அடையாளம் காணும் ஒரு கூட்டத்தில், ஆணே இல்லாத ஓர் இனத்தை, மற்ற ஒற்றுமைகளை நம்பி வைத்திருந்தார்கள். அந்த இருப்பு நீடிக்காது என்பதை அப்போதே ஊகித்திருக்கலாம், ஆனால் அதைவிட நல்ல இடம் யாருக்கும் தோன்றவில்லை.

இந்தப் பாம்பு உலகைச் சுற்றியதும் அதே காரணத்தால்தான். பூந்தொட்டி மண்ணோடு ஒரே ஒரு பாம்பு கப்பலேறினால் போதும், துணை தேட வேண்டியதில்லை, போன இடத்தில் முட்டையிட்டுப் பெருகிவிடும். அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, பெருங்கடல் தீவுகள் எல்லா இடத்திலும் இன்று இது இருக்கிறது. பாம்பு போன இடத்திலெல்லாம், அதை உள்ளூர்ப் புதுமை என்று நினைத்துப் புதுப்பெயர் வைக்க ஒருவர் காத்திருந்தார். மடகாஸ்கர் பகுதியிலிருந்து 1882இல் ஒரு பெயர், தாய்லாந்திலிருந்து 1962இல் ஒன்று, பசிபிக்கின் மரியானா, கரோலின் தீவுகளிலிருந்து 1969இல் இன்னொன்று. ஒப்பிட்டுப் பார்த்தபோது எல்லாம் பிராமினஸாகவே தேறின. நீங்கள் பார்த்த மூன்று பெயர்களும் பேரினம் மாறியதால் வந்தவை. இவை வேறு வகை, ஒரே விலங்கை மறுபடி மறுபடி ‘கண்டுபிடித்ததால்’ வந்தவை. இரண்டாவது வகைப் பெயர்கள் செத்தவை, 1803இன் பிராமினஸ் எல்லாவற்றையும் விடப் பழையது என்பதால் அவை அதன் இணைப்பெயர்ப் பட்டியலில் போய் உட்கார்ந்துவிட்டன.

இண்டோடைஃப்லாப்ஸ் வந்தது 2014இல். அந்த ஆண்டு இரண்டு குழுக்கள் தனித்தனியே டைஃப்லாபிடே முழுவதையும் மறுபடி அடுக்கின. பிளேர் ஹெட்ஜஸும் சகாக்களும் முதலில், சில மாதங்கள் கழித்து அலெக்ஸாண்டர் பைரனும் வான் வாலக்கும். ஹெட்ஜஸ் குழு மரபணு வரிசைகளிலிருந்து மரம் கட்டி, கிளைகளுக்குப் பெயர் வைத்தது. தென்னாசியாவை மையமாகக் கொண்ட கிளைக்கு இண்டோடைஃப்லாப்ஸ் என்ற புதுப்பெயர் கிடைத்தது, பிராமினஸ் அங்கே போனது. முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இங்கேதான் தேவை. டைஃப்லாப்ஸுக்கு அடிப்படையான இனம் கரீபியத் தீவுகளைச் சேர்ந்தது என்பதால், குவியல் உடைந்தபோது அந்தப் பெயரும் அந்தக் கிளையோடே போய்விட்டது. இருநூறு ஆண்டு உலகம் முழுக்கப் பயன்பட்ட டைஃப்லாப்ஸ் என்ற சொல், இன்று மேற்கிந்தியத் தீவுகளின் ஒரு கூட்டத்துக்கு மட்டும் உரியது. உங்கள் பழைய புத்தகம் அச்சானபோது அது சரியாகவே எழுதியிருந்தது. அதில் உள்ள பெயரைத் தவறு என்று சொல்லக் கூடாது, காலாவதியான பெயர் என்று சொல்லலாம்.

இரண்டு குழுவும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. எடுத்துக்காட்டாக, ஹெட்ஜஸ் குழு ஆசியாவின் பருத்த குருட்டுப் பாம்புகள் சிலவற்றுக்கு ‘ஏசியாடைஃப்லாப்ஸ்’ என்று புதுப்பெயர் வைத்தது. பைரனும் வாலக்கும் அதே கூட்டத்துக்குக் கிரே 1845இலேயே ‘ஆர்கைரோஃபிஸ்’ என்று வைத்துவிட்டார், அதுவே செல்லும் என்றார்கள். இன்று ஆர்கைரோஃபிஸ்தான் புழக்கத்தில் இருக்கிறது. இந்த மாதிரி மோதலைச் சண்டை என்று எழுதுகிறவர்கள் உண்டு. என் பார்வையில் இது பதிவேட்டைச் சரிபார்ப்பது போன்ற வேலை, பழைய நூலகத்தைத் திறந்து பார்த்தவர் வென்றார். பெயர் எவ்வளவு வேகமாக இடம் மாறலாம் என்பதற்கு இன்னொன்று: பார்படோஸ் தீவில் சுமார் 10 சென்டிமீட்டர் நீளமே உள்ள, உலகின் மிகச் சிறிய பாம்புகளில் ஒன்றை ஹெட்ஜஸ் 2008இல் ‘லெப்டோடைஃப்லாப்ஸ் கார்லே’ என்று விவரித்தார். அடுத்த ஆண்டே குடும்பம் முழுவதும் மறுசீரமைக்கப்பட்டு அது ‘டெட்ராகைலோஸ்டோமா கார்லே’ ஆனது. பெயர் வைத்தவரே அந்த மறுசீரமைப்புக் குழுவிலும் இருந்தார்.

இனி, எது உறுதி, எது இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது என்பதைப் பிரித்துச் சொல்கிறேன். ஐந்து குடும்பங்கள் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டது. டைஃப்லாபிடே, லெப்டோடைஃப்லாபிடே இரண்டும் பெரியவை. அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளில் மட்டும் உள்ள அனோமலெபிடிடே மூன்றாவது. தலைச்செதில்களின் மேல் சிறு கொப்புளங்கள் போலச் சுரப்பிகள் சிதறியிருக்கும் ஜெரோபிலிடே நான்காவது, இது தெற்காசியாவிலிருந்து நியூகினி வரை உண்டு. மடகாஸ்கரில் மட்டும் உள்ள செனோடைஃப்லாபிடே ஐந்தாவது. கடைசி இரண்டும் 2010இல்தான் தனிக் குடும்பங்களாக உயர்த்தப்பட்டன. மொத்தம் 400க்கும் மேற்பட்ட இனங்கள், புதியவை வந்துகொண்டே இருக்கின்றன. பிராமினஸ் டைஃப்லாபிடேயைச் சேர்ந்தது என்பதும், கரீபிய டைஃப்லாப்ஸோடு ஒரே பேரினத்தில் இருக்க முடியாது என்பதும் உறுதியானவை.

இண்டோடைஃப்லாப்ஸுக்குள் யார் யார் என்பது அவ்வளவு உறுதியல்ல. அதில் வைக்கப்பட்ட இனங்கள் பலவற்றை மரபணு பார்த்து வைக்கவில்லை, செதில் ஒற்றுமையையும் வாழும் இடத்தையும் பார்த்தே வைத்தார்கள். சில இனங்கள் ஒன்றிரண்டு பழைய மாதிரிகளால் மட்டுமே அறியப்பட்டவை. வாலக் 2020இல் பிராமினஸை அதிலிருந்து வெளியே எடுத்து ‘விர்கோடைஃப்லாப்ஸ்’ என்ற தனிப் பேரினத்தில் வைத்தார். கன்னி இனப்பெருக்கத்தை நினைவூட்டும் பெயர். பெரும்பாலான பட்டியல்கள் இன்னும் அதைப் பின்பற்றவில்லை, நானும் பின்பற்றவில்லை. ஒரே இனத்துக்காக ஒரு பேரினத்தைத் திறக்கும்போது, மீதி இனங்களின் உறவு முதலில் தெளிவாக வேண்டும் என்பது என் கருத்து. நாளை வலுவான தரவு வந்தால் மாறிக்கொள்வேன். நீங்களும் இன்னொரு பெயரைப் பார்த்து அதிர்ச்சியடைய வேண்டாம்.

இன்னும் மேலே போனால் ஐயம் பெரிதாகிறது. இந்த ஐந்து குடும்பங்களையும் சேர்த்து ‘ஸ்கோலெகோஃபிடியா’ என்று அழைப்பது 1864இல் கோப் தொடங்கிய வழக்கம். அவை எல்லாம் ஒரே மூதாதையிலிருந்து வந்த தனிக்கிளை என்றுதான் நெடுங்காலம் எண்ணினோம். 2018இல் வந்த ஒரு மரபணு ஆய்வு, அமெரிக்க அனோமலெபிடிடே மற்றக் குருட்டுப் பாம்புகளைவிட, நாம் சாதாரணமாகப் பார்க்கும் பாம்புகளுக்கே நெருக்கம் என்று சொன்னது. அது சரியென்றால், ‘குருட்டுப் பாம்பு’ என்பது ஒரு குடும்ப மரத்தின் கிளையாக இருக்காது. பாம்புகளின் ஆதிகால மண்வாழ்க்கையிலிருந்து மிஞ்சிய இரண்டு தனித்தனி எச்சங்களாக இருக்கும். எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை, எந்த மரபணுக்களை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து மரம் மாறுகிறது. உடலமைப்பை மட்டும் வைத்து நான் இதைத் தீர்க்க முடியாது. மண்ணுக்குள் வாழும் எதுவும் ஒன்றையொன்று ஒத்துப்போய்விடுகிறது, அந்த ஒற்றுமை உறவாலா தொழிலாலா என்று எலும்பு சொல்வதில்லை.

பிராமினஸில் தனியாக ஒரு சிக்கலும் உண்டு. தமக்குள் இணைந்து வளமான குட்டிகளை ஈனும் கூட்டம் என்பதுதான் பள்ளியில் படித்த இன வரையறை. இணைசேரவே செய்யாத, ஒவ்வொரு தாயும் தன்னைப் போன்ற மகள்களையே உண்டாக்கும் விலங்குக்கு அந்த வரையறை பொருந்தாது. முதுகெலும்பிகளில் இப்படி மூன்று குரோமோசோம் தொகுதிகள் கொண்ட, மும்மடிய இனங்கள் பெரும்பாலும் இரண்டு வேறு இனங்கள் கலந்ததால் தோன்றியவை. இதுவும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள், ஆனால் அது நிரூபிக்கப்பட்ட செய்தி அல்ல, வலுவான ஊகம். எனவே ‘பிராமினஸ்’ என்ற பெயர் சட்டப்படி உறுதியானது, அந்தப் பெயருக்குள் இருக்கும் உயிரியல் கூட்டம் எத்தகையது என்பது திறந்த கேள்வி. சட்டம் உறுதியாகவும் உயிரியல் நெகிழ்வாகவும் இருப்பதில் முரண் எதுவும் இல்லை.

உங்கள் பதிவேட்டுக்கு வருவோம். புகைப்படத்தை மட்டும் வைத்துப் பிராமினஸ் என்று உறுதியாக எழுதாதீர்கள், அதிலும் மேலிருந்து எடுத்த படமென்றால் நிச்சயம் வேண்டாம். நீங்கள் அனுப்பியிருக்கும் படத்தில் கரிய உடலும் வெளிறிய மூக்கும் வால் நுனியும் தெரிகின்றன, பிராமினஸாக இருக்க வாய்ப்பு மிகுதி, அதற்கு மேல் படத்திலிருந்து சொல்ல முடியாது. இறந்த பாம்பு கிடைத்தால், முறைப்படி அனுமதி பெற்ற யாரிடமாவது காட்டி மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். உடலின் முன், நடு, பின் மூன்று இடத்திலும் சுற்றுச் செதில் வரிசை 20 இருக்க வேண்டும். மூக்குச் செதிலின் கீழ்ப்பிளவு, இந்தக் குடும்பத்தில் பலவற்றில் இருப்பது போல இரண்டாவது உதட்டுச் செதிலில் போய் முடியாமல், கண்ணுக்கு முன்னுள்ள செதிலைத் தொட வேண்டும். சுரப்பிகள் தலைச்செதில்களின் ஓரங்களை ஒட்டி வரிசையாகத் தெரிய வேண்டும், செதில் முழுக்கச் சிதறியிருந்தால் ஜெரோபிலிடே பக்கம் போக வேண்டும். மூன்றும் பொருந்தினால் ‘இண்டோடைஃப்லாப்ஸ் பிராமினஸ் (டோடன், 1803)’ என்று முழுதாக எழுதுங்கள். பார்க்க முடியவில்லையென்றால் ‘டைஃப்லாபிடே, இனம் உறுதியில்லை’ என்று எழுதுவதே நேர்மை, பின்னால் அதைத் திருத்தவும் எளிது. பழைய பதிவுகளில் டைஃப்லாப்ஸ் என்று இருப்பதை அழித்து எழுத வேண்டாம். பக்கத்தில் இன்றைய பெயரையும், எந்த ஆண்டில், எதைப் பார்த்து மாற்றினீர்கள் என்பதையும் சேருங்கள்.